மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருளுது?

குடியிருப்புப் பொதுத் தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி பிரித்து மிளகாய் போடுறவங்க அடிக்கடி கேட்பது: "செடி நல்லாத்தான் வந்துச்சு, திடீர்னு இலை சுருண்டுருச்சே, என்ன உரம் வைக்கணும்?" உரம் வேண்டாம். முதலில் இலையைப் பாருங்க.

ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டி, கைப்பேசி கேமராவில் பெரிதாக்கினால் இலைப்பேன் சின்னக் கோடு போல ஓடுவது தெரியும். சிலந்தி அதைவிடப் பொடிசு.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்க. அடுத்தடுத்து அடித்தால் இலை கருகிடும்.

செடி குட்டையாகி, இலை சிறுத்து, நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இதற்கு மருந்தே கிடையாது. பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்தணும். மனசு வராதுதான். ஆனால் 'நாலு காயாவது வரட்டும்' என்று விட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பாத்திக்கும் போகும், அங்குள்ள தக்காளியையும் பிடிக்கும்.

சந்தேகமா? கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணமில்லை. தினமும் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே கேட்கலாம். செடியின் வயது, இலை சுருளும் பக்கம், ஏற்கெனவே தெளித்த மருந்து மூன்றையும் சொல்லுங்க.