பலகைக்குள் ஒரு பிஸ்கட்

இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி மேசைக்கு மேல்பலகை செய்து பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். பசை தடவி, கிளாம்ப் மாட்டி இறுக்கும்போது பசையின் வழுக்கலில் ஒரு பலகை மெல்ல மேலேறிவிடும். காய்ந்த பிறகு விரலால் தடவினால் நடுவில் சின்னதாக ஒரு படி தட்டும். அதை இழைத்துச் சமமாக்க அரைநாள் போய்விடும். பலகைகளை இப்படி நகரவிடாமல் பிடித்துவைப்பதுதான் பிஸ்கட் ஜாயினரின் வேலை.

பிஸ்கட் என்பது கண் வடிவில் வெட்டிய, சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள சிறு மரத்துண்டு. பீச் மரத்தை நன்றாக அழுத்திச் செய்வார்கள். இரண்டு பலகையிலும் நேருக்கு நேர் ஒரு பிறைவடிவப் பள்ளம் வெட்டி, பசை விட்டு, பாதி இதற்குள்ளும் பாதி அதற்குள்ளுமாக இந்தத் துண்டைச் செருக வேண்டும். பசையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, அழுத்தப்பட்ட மரம் உப்பும், பள்ளத்துக்குள் இறுகிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் கலந்த வெள்ளைப் பசைதான் இதற்கு ஏற்றது. எப்பாக்ஸி பிடித்துக்கொள்ளும், ஆனால் பிஸ்கட்டை உப்ப வைக்காது.

1950களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் லீஸ்டால் ஊரில் தச்சுப்பட்டறை வைத்திருந்த ஹெர்மன் ஸ்டெய்னர் கண்டுபிடித்த முறை இது. அப்போது புதிதாக வந்திருந்த மரத்தூள் பலகையில் கழுந்தும் துளையும் எடுத்தால் உதிர்ந்துபோகும். அதற்கு எளிய இணைப்பு ஒன்றைத் தேடியபோது கிடைத்ததே பிஸ்கட். அவருடைய நிறுவனத்தின் பெயர் லாமெல்லோ. பிஸ்கட்டையே அந்தப் பெயரால் அழைப்பவர்களும் உண்டு. கடைகளில் 0, 10, 20 என்று மூன்று அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். 20 என்பது 56 மி.மீ. நீளம், 23 மி.மீ. அகலம். பலகையில் இடம் இருந்தால் பெரியதையே போடுங்கள்.

எந்திரம் பார்வைக்கு ஆங்கிள் கிரைண்டர் போல இருக்கும். முன்னால் ஒரு சிறு வட்ட பிளேடு உள்ளே ஒளிந்திருக்கும். மரத்தில் அழுத்தித் தள்ளினால் வெளியே வந்து வெட்டும், விட்டால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் மடக்குத் தகடு பலகையின் முகத்தில் உட்கார வேண்டும். பள்ளம் எவ்வளவு கீழே விழும் என்பதை அந்தத் தகடுதான் தீர்மானிக்கிறது.

இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பள்ளம் பலகையின் தடிமனுக்குச் சரியாக நடுவில் வரவேண்டும் என்று நினைத்து அளந்துகொண்டே இருப்பார்கள். அது தேவையில்லை. 18 மி.மீ. பிளைவுட்டில் மேலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் குறையில்லை. இரண்டு பலகையிலும் அதே முகத்திலிருந்து அதே 8 மி.மீ. இருந்தால் போதும், மேற்பரப்பு ஒன்றாக நிற்கும். ஒரு பலகையை மேல்முகத்திலிருந்தும் மற்றதைக் கீழ்முகத்திலிருந்தும் வெட்டினால்தான் வேலை கெடும். அதனால் வெட்டும் முன் மேலே வரப்போகும் முகங்களில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுங்கள். தகடு எப்போதும் குறி போட்ட முகத்தில்தான் உட்கார வேண்டும். எந்திரத்தின் அடிப்பாகத்தை வேலைமேசையில் வைத்து வெட்டுகிறவர்கள், அடியில் மரத்தூள் சிக்காமல் ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொள்ள வேண்டும்.

நீளவாக்கில் அவ்வளவு கவனம் வேண்டாம். பலகைகளைச் சேர்த்து வைத்து, இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, எந்திரத்தின் நடுக்குறியை அந்தக் கோட்டில் வைத்தால் போதும். பள்ளம் பிஸ்கட்டைவிடச் சற்று நீளமாகவே விழும். ஒட்டும்போது இரண்டொரு மில்லிமீட்டர் அங்கும் இங்கும் நகர்த்திச் சரிசெய்யலாம். வட்டக் குச்சி செருகும் முறையில் இந்தத் தாராளம் கிடையாது. எனக்கு இந்தக் கருவியின் மேல் இருக்கும் மதிப்பே இதனால்தான்.

15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு பிஸ்கட் போதும். ஓரத்திலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளி ஆரம்பியுங்கள். ஒட்டிய பிறகு முனையை அறுக்கவோ வளைவாக்கவோ போகிறீர்கள் என்றால் இன்னும் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அறுத்த இடத்தில் பிஸ்கட்டின் வெட்டுமுகம் வெளியே தெரியும்.

பலத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். நீளவாக்கில் ரேகை ஓடும் இரண்டு விளிம்புகள் நன்றாகப் பொருந்தினால் பசை மட்டுமே போதிய உறுதி தரும். அங்கே பிஸ்கட் சமமாக நிறுத்துவதற்குத்தான். பிளைவுட் அலமாரிப் பெட்டி, நிலைச்சட்டத்து மூலைகளில் அது உறுதியும் சேர்க்கும். நாற்காலிக் காலுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. சொச்சம்தான் உள்ளே போகிறது. ஆள் உட்கார்ந்து அசையும் இடத்துக்குக் கழுந்தே வேண்டும்.

சின்னத் துண்டுகளைக் கையில் பிடித்து வெட்டவே கூடாது. கிளாம்ப்பில் கட்டிவிட்டு, இரண்டு கையாலும் எந்திரத்தைப் பிடியுங்கள். வெட்டத் தொடங்கும்போது அது பக்கவாட்டில் இழுக்கப் பார்க்கும்.

பிஸ்கட்டுகளை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே உப்பி, பள்ளத்தில் நுழையாது. ஒட்டி முடித்ததும் உப்புத்தாள் போட அவசரப்படவும் வேண்டாம். பிஸ்கட்டைச் சுற்றியுள்ள மரமும் பசையின் ஈரத்தில் லேசாக உப்பியிருக்கும். அப்போதே தேய்த்துச் சமமாக்கினால், ஈரம் போனதும் அந்த இடம் சுருங்கும். வார்னிஷ் பூசியபின் சாய்வாக வெளிச்சம் விழும்போது மேசை முழுக்கக் கண் வடிவில் பள்ளங்கள் தெரியும். இரண்டு மூன்று நாள் விட்டுத் தேயுங்கள்.