ஏறுவார் இல்லாத பனை

பதநீர்ப் பருவம் உச்சத்தில் இருக்கும் சித்திரை மாதத்தில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்குப் போகிறவர், பாதையின் இருமருங்கும் நிற்கும் பனைகளைச் சற்று அண்ணாந்து நோக்குவாராயின், உச்சியில் கலயம் கட்டப்பெறாமல், கழிக்கப்படாத காவோலைகள் கழுத்தைச் சுற்றித் தொங்க, மனிதன் கால் பட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்ட மரங்கள் எத்தனை என்பதைக் காண்பார். பாளை தவறாமல் வருகிறது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

இக்காலத்துப் பிள்ளைகள் உழைக்க அஞ்சுகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பழி நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பதடி உயரமுள்ள மரங்கள் முப்பதைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குகிற ஒருவர், ஒரே நாளில் 2,400 அடி ஏறுகிறார். மூன்று நாளில் கொடைக்கானல் மலையின் உயரம் அவர் கால்களுக்குக் கீழே போய்விடுகிறது. பருவம் முழுவதும் அவருக்கு விடுமுறை என்பதே கிடையாது. ஏனெனில் சீவாமல் விட்ட பாளை காய்ந்து, ஊற்று அடைத்துக்கொள்ளும்.

ஏறுவது இந்த வித்தையில் ஒரு பாதிதான். பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் பக்குவமாக நசுக்கிப் பதப்படுத்துவதும், பாளை அரிவாளால் நாள்தோறும் மெல்லிதாகச் சீவுவதும், கலயத்தின் உட்புறம் அளவறிந்து சுண்ணாம்பு தடவுவதும் பல பருவங்கள் மூத்தவரோடு நின்று கற்க வேண்டியவை. சுண்ணாம்பு மிகுந்தால் சுவை கெடும். குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், அந்தச் சிறு பிசகு வழக்காகவும் அபராதமாகவும் முடியலாம் என்ற அச்சத்தையும் பனையேறி தம் இடுப்பிலுள்ள அரிவாள் பெட்டியோடு சேர்த்தே சுமக்கிறார்.

இத்தனை பிரயாசைக்கும் அபாயத்துக்கும் கிடைப்பது என்ன? மரம் பெரும்பாலும் பிறருடையது; ஆகையால் குத்தகையோ வாரமோ முதலில் போகிறது. வருமானம் வருஷத்தில் ஐந்தாறு மாதமே என்பதால், எஞ்சிய மாதங்களின் வயிற்றுப்பாட்டுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனை அவர் நிர்ணயிக்கும் விலையில் கருப்பட்டியாகவே திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் பல. கொதிக்கும் பதநீர்த் தாழியின் முன்னே அனலில் நின்று பாகு கிண்டும் மனைவியின் உழைப்புக்குக் கணக்கே இல்லை. சந்தையிலோ, வெள்ளைச் சர்க்கரை கலந்த கட்டியும் கருப்பட்டி என்ற பெயரிலேயே மலிவாக விற்று, அசல் சரக்கின் விலையையும் கீழே இழுத்துவிடுகிறது. கட்டட வேலையில் மாலையானால் கூலி கைக்கு வருகிறது; தவறி விழுந்து முதுகெலும்பு முறியும் பயமும் இத்தனை இல்லை. பனையேறிக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கமும், தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவாகப் பேசிய நம் சமூகத்தின் பழைய பாவமும் இவற்றோடு சேரும்போது, தகப்பனே மகனை மரத்தடிக்கு வராதே என்று தடுப்பதில் வியப்பென்ன?

இயந்திரம் ஏறட்டுமே என்பர் சிலர். தென்னைக்கு அது பொருந்தியிருக்கிறது. கேரளத்தில் 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் ஏறு கருவியில் பயிற்சி தந்து, விபத்துக் காப்பீட்டுக்கும் வழிசெய்தது. ஆனால் தென்னையில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை ஏறினால் போதும். நாளுக்கு இருமுறை ஏற வேண்டிய பனையில், மரத்துக்கு மரம் கருவியைக் கழற்றி மாட்டுவதற்குள் பொழுது ஏறிவிடும். எனினும் பயிற்சியும் காப்பீடும் பனைக்கும் வேண்டியவையே.

கிராமக் கைத்தொழில்களுக்காகப் பாடுபட்ட ஜே. சி. குமரப்பா, பனைவெல்லத்தை ஏழைக் குடியானவனின் ஜீவனோபாயமாகவே கருதி வளர்க்க முயன்றார். நம் காலத்தில், 2021-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமென்ற ஏற்பாடும் வந்தது. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. யாவும் நல்ல காரியங்கள். ஆயினும் அவை மரத்துக்கும் சரக்குக்கும் செய்தவை. ஏறுகிற மனிதனுக்குப் பருவம் தொடங்குமுன் வட்டியில்லாக் கடன், கருப்பட்டிக்கு உறுதியான கொள்முதல் விலை, கலப்படக்காரனுக்குத் தண்டனை ஆகிய மூன்றையும் அரசு செய்தாக வேண்டும். இன்று ஊன்றும் விதை பாளை விடப் பதினைந்து இருபது வருஷங்கள் ஆகும். அதில் ஏறக் கற்றுக்கொடுக்கக் கூடியவர்களோ இன்றே முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.