ஒரே இதயம், இரண்டு கோடுகள்

மருத்துவக் கருவிகளைப் பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நேயர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பாதி விடைதான் சொல்ல முடிந்தது. நேரம் முடிந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய தந்தையார் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். கட்டிலருகே இருந்த திரையில் இதயத் துடிப்பின் கோடு ஓரிடத்தில் கீழே இறங்கித் தெரிந்ததாம். தாதி பதறாமல் வேறோர் இயந்திரத்தைக் கொண்டுவந்து காகிதத்தில் இ.சி.ஜி. எடுத்தார். அதில் அந்த இறக்கம் இல்லை. "ஒரே இதயம் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகத் துடிக்குமா?" என்பதுதான் அவர் கேள்வி.

இதயம் ஒருவிதமாகத்தான் துடித்தது. கோட்டை மாற்றியது இயந்திரத்தினுள் நடக்கும் ஒரு வடிகட்டும் வேலை. அதன் அடிப்படை இரண்டே பொருள்கள்: ரெசிஸ்டர் என்னும் மின்தடை, கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி. மின்னியல் கடையில் சில காசுக்குக் கிடைப்பவை. தகவல் ஊடகத்தில் டிப்ளோமா எடுத்த அறிவிப்பாளருக்கு இவற்றோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஒலிவாங்கி முதல் ஒளிபரப்பு வரை என் பிழைப்பே இவற்றின் மேல்தான் நடக்கிறது.

ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியையும் ஒரு வாளியையும் அடியில் மெல்லிய குழாயால் இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்தால் வாளியிலும் உயரும், ஆனால் உடனே உயராது. முதலில் வேகமாக ஏறும். மட்டங்கள் நெருங்க நெருங்க மெதுவாகும். குழாய்தான் மின்தடை, வாளிதான் மின்தேக்கி.

இரண்டின் அளவையும் பெருக்கினால் ஒரு நேரம் கிடைக்கும். 10,000 ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் சரியாக 1 வினாடி. அந்த நேரத்தில் மின்தேக்கி ஏறத்தாழ 63 விழுக்காடு நிரம்பும். அதைப் போல் ஐந்து மடங்கு நேரம் கொடுத்தால் 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இதை நேர மாறிலி என்கிறார்கள். இந்தச் சுற்றின் நினைவாற்றல் என்று நான் சொல்வேன்.

இனி இதற்குள் வெவ்வேறு அலைகளை அனுப்பிப் பார்ப்போம். மின்சாரத்தைச் சட்டென்று போட்டு, சிறிது நேரம் வைத்திருந்து, சட்டென்று நிறுத்தினால் அது சதுர அலை. ஒவ்வொரு முறையும் நேர மாறிலியைவிட மிக நீண்ட நேரம் போட்டு வைத்தால், மின்தேக்கியில் அதே சதுரம்தான் தெரியும், மூலைகள் மட்டும் மழுங்கியிருக்கும். மிக விரைவாகப் போட்டுப் போட்டு நிறுத்தினால் வாளி நிரம்பவும் முடியாது, காலியாகவும் முடியாது. நடுமட்டத்தை ஒட்டிச் சிறிய முக்கோணங்களாக ஏறி இறங்கும். சதுரத்தை அனுப்பினோம், முக்கோணம் வந்தது!

மின்தேக்கியில் அளக்காமல் மின்தடையில் அளந்தால் கதை தலைகீழாகும். அங்கே மாற்றம் மட்டும்தான் தெரியும். மெதுவான சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு கூர்முனை எழும்பி, பிறகு பூச்சியத்திற்கு விழுந்துவிடும். மாறாமல் நிற்கும் மின்னழுத்தம் அங்கே அறவே தெரியாது.

குழல் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி இந்த இரண்டு குணங்களையும் ஒன்றாகப் பயன்படுத்தியது. நம் வட்டாரத்தின் 625 கோட்டு முறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் 64 மைக்ரோவினாடி, தொடக்கத்தில் 4.7 மைக்ரோவினாடித் துடிப்பு ஒன்று வரும். திரையின் அடியிலிருந்து மேலே திரும்ப வேண்டிய நேரத்தில் 27 மைக்ரோவினாடிக்குச் சற்று அதிகமான அகலத் துடிப்புகள் ஐந்து வரிசையாக வரும். குறுகிய துடிப்புகள் வாளியை நிரப்பாமல் வடிந்துவிடும். அகலமானவை நிரப்பிவிடும், 'மேலே போ' என்ற கட்டளை பிறக்கும். கூர்முனைச் சுற்று ஒவ்வொரு கோட்டின் விளிம்பையும் பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் அந்த அலைவரிசை ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு நின்றுபோனது. அதுவரை நம் வீட்டில் படம் உருளாமல் நின்றது இப்படித்தான்.

சுற்றுக்குள் போய்த் தன் வடிவத்தை இழக்காமல் திரும்பும் அலை ஒன்று உண்டு. அதுதான் சைன் அலை, சீராக ஊஞ்சல் போல் ஏறி இறங்குவது. அது குள்ளமாகலாம், முன்னோ பின்னோ நகரலாம், ஆனால் சைன் அலையாகவே இருக்கும். மற்ற எந்த அலையும், திரும்பத் திரும்ப வருவதாக இருந்தால், பல சைன் அலைகளின் கூட்டுதான் என்பதை 1822இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஃபூரியே. கூட்டில் உள்ள ஒவ்வொன்றையும் சுற்று வெவ்வேறு அளவில் குறைத்து, வெவ்வேறு அளவில் நகர்த்துகிறது. திரும்பக் கூட்டினால் பழைய உருவம் எப்படி வரும்?

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். இதயத்திலிருந்து தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட். ஆனால் ஒட்டும் மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே தானாகவே ஒரு மாறா மின்னழுத்தம் உண்டாகும். 300 மில்லிவோல்ட் வரை அதைத் தாங்கும்படி இயந்திரங்களை வடிவமைக்கிறார்கள். ஆனையின் முதுகில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பது போன்ற வேலை. மாறாததை மறைத்து, மாறுவதை மட்டும் காட்டும் மின்தடைப் பக்கம்தான் அங்கே கைகொடுக்கிறது.

எவ்வளவு மெதுவான மாற்றம் வரை மறைப்பது என்பதில்தான் சிக்கல். நோயாளி மூச்சு விட்டாலும் புரண்டாலும் கோடு அலையும். அதை அடக்கக் கட்டிலருகே உள்ள திரைகளில் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைக் குறைப்பது வழக்கம். இதன் நேர மாறிலி 0.32 வினாடி. நோய் கண்டறிய எடுக்கும் இ.சி.ஜி.யில் எல்லை 0.05 ஹெர்ட்ஸ், நேர மாறிலி 3.2 வினாடி. நினைவாற்றல் பத்து மடங்கு.

இதன் விளைவை அளந்தே பார்க்கலாம். இ.சி.ஜி. காகிதத்தில் ஒரு சிறு செவ்வகம் அச்சாகியிருக்கும். அது இயந்திரம் தனக்குத் தானே அனுப்பும் 1 மில்லிவோல்ட் சோதனைத் துடிப்பு. உயரம் 10 மில்லிமீட்டர், நேரம் 0.2 வினாடி. அதையே 0.05 ஹெர்ட்ஸ் சுற்றுக்குள் அனுப்பினால் அதன் மேல்தட்டு 9.4 மில்லிமீட்டருக்குச் சற்றே சரியும். 0.5 ஹெர்ட்ஸ் சுற்றில் 5.3 மில்லிமீட்டர் வரை சரிந்து, துடிப்பு முடிந்ததும் கோடு அடிமட்டத்துக்குக் கீழே 4.7 மில்லிமீட்டர் போய் நிற்கும். அனுப்பியதில் இல்லாத பள்ளம் அது.

இதயத் துடிப்பின் உயர்ந்த கூர்முனை இவ்வளவு அகலமானதன்று. ஆகவே பள்ளமும் இவ்வளவு ஆழமாக வராது. ஆனால் அந்தக் கூர்முனைக்கு அடுத்து வரும் தட்டையான பகுதியைத்தான் மருத்துவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். எஸ்.டி. பகுதி என்பார்கள். அது ஏறினாலும் இறங்கினாலும் இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்று ஐயுறுவார்கள். அங்கே 1 மில்லிமீட்டர் கூடப் பெரிய செய்தி. சுற்று தானாகவே ஒரு பள்ளத்தை உண்டாக்கலாம், உண்மையான ஏற்றத்தை மறைக்கவும் கூடும். இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. அந்தத் தாதி திரையை நம்பி முடிவெடுக்காமல் காகிதத்தில் எடுத்தது முற்றிலும் சரி.

உங்களிடம் பழைய இ.சி.ஜி. தாள் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். 25 மி.மீ., 10 மி.மீ. என்ற அளவுகளுடன் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை என்பது போல் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண்தான் நாம் இதுவரை பேசியது. இதை வைத்து நீங்களே நோயை முடிவு செய்துவிடாதீர்கள். நெஞ்சுவலி வந்தால் தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

புதிய இயந்திரங்களில் பெரும்பாலான வடிகட்டும் வேலையைக் கணினி நிரலே செய்கிறது. அலைகளை நகர்த்தாமல் வடிகட்டும் வழியும் அதற்கு உண்டு. பதிவான துடிப்பை ஒருமுறை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் செலுத்தினால், முதல் நகர்வை இரண்டாவது நகர்வு அழித்துவிடும். அமெரிக்க இதயச் சங்கமும் கூட்டு அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட பரிந்துரை, இத்தகைய நிரல் இருந்தால் எல்லையை 0.67 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தலாம் என்கிறது. ஆனால் பின்னோக்கிச் செலுத்தத் துடிப்பு முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அந்தந்த நொடியின் துடிப்பை அந்தந்த நொடியே காட்ட வேண்டிய கட்டிலருகுத் திரைக்கு அந்த வசதி எளிதில் கிட்டுவதில்லை.