வாசலுக்கு வரும் பால்

பாக்கெட் பால் வந்த பிறகும் திருவண்ணாமலையில் வீடு வீடாகக் கறந்த பால் ஊற்றும் வழக்கம் போய்விடவில்லை. சுற்றுப்பட்ட கிராமங்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்கள் கறந்த கையோடு தூக்கில் கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். நமக்கு அது காபிக்குப் பால். அவர்களுக்கோ அரிசி, பருப்பு, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாமே அதுதான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. அதுவும் பாலின் கொழுப்பையும் மற்றச் சத்தையும் பார்த்துத்தான் கைக்கு வரும். வாசலில் ஊற்றினால் அதைவிடக் கூடக் கிடைக்கிறது. புண்ணாக்கும் தவிடும் விற்கிற விலையில், அந்தக் கூடுதல் பணம்தான் மாட்டை விற்காமல் காப்பாற்றுகிறது.

"அப்படியானால் சொசைட்டி எதற்கு?" என்று கேட்கலாம். நாம் ஊருக்குப் போனால் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிடுவோம். மாட்டிடம் அப்படிச் சொல்ல முடியுமா? மிஞ்சுகிற பாலை இரண்டு வேளையும் வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 1946-ல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கூட்டுறவு முறை அதற்காகத்தான் நாடெங்கும் பரவியது. ஆகவே சிறு பால்காரருக்கு வாசலும் வேண்டும், சொசைட்டியும் வேண்டும்.

மாடு வருஷம் முழுக்கக் கறப்பதில்லை. சுமார் பத்து மாதம் கறந்துவிட்டு, அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றிவிடும். கன்று போட்டதும் வருகிற சீம்பால் கன்றுக்குத்தான் முதலில். வரவு நின்ற நாளிலும் தீவனச் செலவு நிற்காது.

பச்சைப் பால் வேண்டாம்

"காய்ச்சாத பாலில்தான் சத்து" என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இளம் தாய்மார்களே, நம்பாதீர்கள்! மாடு பார்க்க நன்றாக இருந்தாலும் காசநோய், புருசெல்லா காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் பச்சைப் பால் வழியாக நமக்கு வரலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே கூடாது. பச்சைப் பாலைத் தயிராக்கினாலும் கிருமி போய்விடாது.

வாங்கியவுடனே அடி கனமான பாத்திரத்தில் பொங்க வையுங்கள். பொங்கி வந்ததும் தணலைக் குறைத்து, கிளறியபடி இன்னும் சில நிமிஷம் கொதிக்கட்டும். ஆறியதும் மூடி குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பால் கொடுக்க வேண்டாம்.

உண்மை சொன்னால் தண்டிக்காதீர்கள்

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை யாருக்கும் விற்கக் கூடாது. மருந்து பாலில் வந்துவிடும். பால் கொண்டுவரும் அம்மா, "மாட்டுக்கு ஊசி போட்டிருக்கும்மா, நாலு நாளைக்கு இல்லை" என்று சொன்னால், நாம் உடனே வேறு ஆளைப் பிடித்துவிடுகிறோம். அடுத்த தடவை அவள் வாய் திறப்பாளா? அந்த நாலு நாளைக்குப் பாக்கெட் வாங்கிச் சமாளித்துவிட்டு, மறுபடி அவளிடமே வாங்குங்கள். உண்மை பேசுகிறவருக்கு வாடிக்கை நிலைத்தால்தான் நம் பிள்ளைகளுக்கு நல்ல பால் கிடைக்கும்.

தண்ணீர்க் கலப்புச் சந்தேகமா? சாய்வான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பால் மெதுவாக வழிந்து வெள்ளைக் கோடு விடும். தண்ணீர் சேர்ந்தது கோடில்லாமல் ஓடிவிடும். சந்தேகம் இருந்தால் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

மாதக் கணக்கை மட்டும் தேதி தவறாமல் தீர்த்துவிடுங்கள், சகோதரிகளே. நாம் ஒரு வாரம் தள்ளிப் போட்டால், அங்கே தவிட்டுக்காரரிடம் கடன் ஏறுகிறது.