கோடையில் மாட்டுக்கு ஈஸ்ட் கொடுக்கலாமா?

‘‘கோடை வந்தாலே எங்கள் கலப்பின மாட்டுக்குப் பால் குறைந்துவிடுகிறது. ஈஸ்ட், சமையல் சோடா கொடுத்தால் சரியாகுமா?’’ என்று கேட்கிறார் கரூர் மாவட்ட வாசகர் ஒருவர்.

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நார்த்தீவனத்தைச் செரிக்க வைப்பவை இவைதான். வெயிலில் வாடும் மாடு வைக்கோலையும் சோளத்தட்டையையும் ஒதுக்கிவிட்டு, அடர்தீவனத்தை மட்டும் தேடித் தின்கிறது. அசைபோடுவது குறைகிறது. மூச்சிரைப்பதால், வயிற்றுப் புளிப்பை முறிக்க வேண்டிய உமிழ்நீர் வாய்வழியே ஒழுகி வீணாகிறது. புளிப்பு ஏறியதும் நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் நலிந்துவிடும். பாலும் குறையும், கொழுப்பும் குறையும்.

சமையல் சோடா இந்தப் புளிப்பை முறிக்கும். கிலோ அடர்தீவனத்துக்கு 10 கிராம் கலந்தால் போதும். உயிருள்ள ஈஸ்ட், தீவனத்தோடு வயிற்றுக்குள் போகும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நல்ல நுண்ணுயிரிகள் பெருக உதவும். பாக்கெட்டில் குறிப்பிட்டுள்ள அளவில் தினமும் கொடுக்க வேண்டும். சூடான தண்ணீரில் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

ஆனால், நிழலும் நாள் முழுக்கக் குடிதண்ணீரும் இல்லாமல் இவற்றுக்குச் செலவழிப்பது வீண். அதிகாலையிலும் இரவிலும் தீவனம் வையுங்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை அள்ளிக் கொட்டாதீர்கள். சில மணி நேரத்திலேயே புளிப்பு ஏறி, மாட்டின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாடு அசைபோடாமல் நின்று, சாணம் தண்ணீராகப் போனால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.