திரையில் நம்ம வட சென்னை ஆட்கள்

ஒரு ஊர் ஜனங்களைப் புரிந்துகொள்ள அந்த ஊர் சினிமாப் பாத்திரங்களைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி. அந்தப் பாத்திரம் என்ன வேலை செய்து சாப்பிடுகிறது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் தோரா-சான் என்று ஒரு பாத்திரம். 1969 முதல் 1995 வரை கியோஷி அட்சுமி என்ற ஒரே நடிகர் அந்த வேடத்தில் 48 படங்கள் நடித்தார்! ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்கிறவன். டோக்கியோவின் ஓரத்தில் ஷிபமதா என்ற சாதாரண ஜனங்கள் வாழும் பகுதிதான் அவன் சொந்த ஊர். அங்கே அவன் குடும்பத்துக்கு ஒரு பலகாரக் கடை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவான், மறுபடி வந்து நிற்பான். ஜப்பான் என்றால் டை கட்டிய ஆபீசரும் மெஷினும்தான் என்று நினைத்தால், அந்த ஜனங்கள் இப்படி ஒரு ஆளைத்தான் கொண்டாடினார்கள். ஷிபமதா ரயில் நிலையத்து வாசலில் அவனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

நம்ம பக்கம் வருவோம். 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். சிரிப்புக்குத்தான். ஆனாலும் அந்த ஆளுக்கு ஒரு ரிக்‌ஷா இருந்தது. பின்னால் வந்த பல படங்களில் அதே பாஷை பேசுகிறவன் கையில் கத்திதான். வேலை? ஒன்றும் கிடையாது! துறைமுகம், மீன்பிடி, லாரி, பாக்டரி என்று நாள் முழுக்க உழைக்கிற பகுதியில் வேலையே இல்லாதவன் எப்படிங்க மூணு வேளை சாப்பிடுவான்?

இது வெறும் சினிமா விஷயம் இல்லை. அப்ரண்டிஸ் நேர்முகத் தேர்வு ஒன்றில் என் விலாசத்தைப் பார்த்த அதிகாரி, "நார்த் மெட்ராஸா? படத்துல பாத்திருக்கேன்" என்று சிரித்தார். என் மார்க் ஷீட்டை அப்புறம்தான் பார்த்தார்.

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்துக் காளி ஹவுசிங் போர்டில் குடியிருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவன். அவருடைய 'சார்பட்டா பரம்பரை' (2021) இன்னும் ஒருபடி மேல். கபிலன் துறைமுகத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்ததும் குத்துச்சண்டை பார்க்க ஓடுகிறான். ரங்கன் வாத்தியார் தி.மு.க.காரர், 1976-ல் ஆட்சி கலைக்கப்பட்டதும் மிசாவில் கைதாகிறார். கெவின் ஆங்கிலோ இந்தியர். இத்தனை விதமான ஆட்களும் ஒரே பரம்பரையில்! கபிலனின் அம்மா பாக்கியம்தான் எனக்கு முக்கியம். குத்துச்சண்டைக்காரரான புருஷன் ரவுடியாகிச் செத்ததால் மகனை ரிங் பக்கமே விடமாட்டார். அந்தப் பயம் எங்க தெரு அம்மாக்கள் எல்லாருக்கும் உண்டு. எங்கப்பா லோடு ஏற்றுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "ஷிப்ட் எப்ப முடியும்னு தவிக்கிறான் பாரு, அது கரெக்ட்டு" என்றார். வேறு விமர்சனம் கிடையாது.

வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) நல்ல படம்தான், ஆனால் எனக்கு ஒரு குறை. அதில் அன்பு கேரம் ஆட்டக்காரன். போகப் போக ஜெயில், கோஷ்டி, வெட்டு. கேரம் போர்டு பின்னால் போய்விடுகிறது. நிஜத்தில் என்ன நடந்தது? புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் ஒருவரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் ஜெயித்து வந்தார்!

எங்கள் வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. விடியக்காலையில் டிபன் பாக்ஸும் கையுமாக அங்கே போகிற காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருத்தரைக்கூட நான் பார்த்த எந்தப் படத்திலும் இன்னும் காணோம்.