இடப்பக்கம் என்றொரு கொடை

தட்டின் வலப்பக்கத்துச் சோறு முழுவதும் தீர்ந்திருக்கும். இடப்பக்கத்தில் பரிமாறியது பரிமாறியபடியே கிடக்கும். “இன்னும் கொஞ்சம் போடும்மா, பசி அடங்கலை” என்பார் பெரியவர். தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தால், இப்போதுதான் பரிமாறியதுபோல் மிச்சத்தையும் சாப்பிட்டு முடிப்பார். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கிய சிலருக்கு இப்படி ஆகிறது. சவரம் செய்தால் வலக் கன்னம் மட்டும் மழமழவென்றிருக்கும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் நெருக்கியடித்து எழுதிவிடுவார்.

கண்ணைச் சோதித்தால் லென்ஸ், விழித்திரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பார்வை கண்ணில் தொடங்குகிறதே தவிர அங்கே முடிவதில்லை. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் கூடி, ஏறக்குறைய பாதி இழைகள் பக்கம் மாறிப் போகின்றன. அதனால் நம் இடப்புறத்துக் காட்சி முழுவதும் மூளையின் வலப் பிடரிப் பகுதிக்கும், வலப்புறத்துக் காட்சி இடப் பிடரிப் பகுதிக்கும் போய்ச் சேருகிறது. பிடரிப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒரு பக்கம் அடைபட்டால் இரு கண்ணிலும் பாதிக் காட்சி போய்விடும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் அதை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். நம் பெரியவரின் நிலை வேறு. இடப்பக்கம் தெரியவில்லை என்ற புகாரே அவரிடம் இல்லை. மருத்துவர்கள் இதைப் ‘பக்கப் புறக்கணிப்பு’ என்கிறார்கள். என் காதுக்கு அது கொஞ்சம் கொடுமையான பெயர். அவர் எதையும் வேண்டுமென்று புறக்கணிக்கவில்லையே.

1978-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் எதுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுசாட்டி என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். அந்த ஊர்ப் பேராலயச் சதுக்கத்தை நன்றாக அறிந்த, இதே புறக்கணிப்பு உள்ள நோயாளிகள் இருவரிடம், “கோயிலைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்” என்றார்கள். அரண்மனை இருக்கும் வலப்பக்கத்துக் கட்டடங்களே பெரும்பாலும் பட்டியலில் வந்தன. “சரி, இப்போது கோயில் வாசலில் நின்று சதுக்கத்தைப் பாருங்கள்” என்றார்கள். சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் வரிசையாக வந்தன. சற்று முன் சொன்னவை காணாமல் போயின!

நினைவு அழியவில்லை. ஊர் முழுசாக உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் மனக்கண்ணைத் திறந்தபோது அங்கேயும் இடப்பக்கம் இல்லை. எதிரில் சுவரும் இல்லை, கட்டடமும் இல்லை, மூடிய கண்ணுக்குள் எழும் காட்சிக்குக்கூட இடம், வலம் என்று திசை வகுத்துத் தர ஓர் உறுப்பு வேண்டியிருக்கிறது என்றால், படைத்தவன் நமக்கு வெளிச்சத்தை மட்டும் தரவில்லை, வெளியையே தந்திருக்கிறான் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பத்து ஆண்டு கழித்து மார்ஷல், ஹாலிகன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே நிலையில் இருந்த ஒரு பெண்மணியிடம் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒரு வீட்டின் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, இது என்ன அசட்டுக் கேள்வி என்று நினைத்தார். ஆனாலும் பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். அவர் அறியாத தீயை அவருக்குள் ஏதோ ஒன்று அறிந்திருந்தது.

அசைவு என்பதும் தனிக் கொடைதான். மூளையின் பின்புறம் இருபக்கமும் பாதிக்கப்பட்ட ஒரு ஜெர்மானியப் பெண்ணைப் பற்றி யோசஃப் சீல் 1983-இல் எழுதினார். கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்த பனிபோல் நின்றது. மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. தெருவைக் கடக்க நின்றால் தூரத்தில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும். நிறமும் உருவமும் அவருக்குத் தெரிந்தன, ஓட்டம் மட்டும் தெரியவில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டுத் தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார்.

உடைந்ததை ஓரளவு ஈடுகட்டும் இந்தத் திறனையும் மூளைக்குள்ளேயே வைத்திருப்பது கருணை. 1998-இல் பிரான்சில் ரொசெட்டியின் குழுவினர், காட்சியை வலப்பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியைப் புறக்கணிப்பு நோயாளிகளுக்கு அணிவித்து, சில நிமிடம் எதிரில் உள்ள புள்ளியைச் சுட்டச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிய பின் இரண்டு மணி நேரமாவது இடப்பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது. எல்லாருக்கும் இது நிலையான பலன் தருவதில்லை. பலருக்கு முதல் சில வாரங்களிலேயே புறக்கணிப்பு தானாகவும் கணிசமாகக் குறைகிறது.

பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருந்தால் “பாதிச் சோற்றை ஏன் வீணாக்குறீங்க” என்று கடிந்துகொள்ளாதீர்கள். தட்டைத் திருப்பி வையுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். யாருக்காவது திடீரென்று பாதிக் காட்சி மறைந்தாலோ, முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.